நர்ஸ் மறுபடியும் பெயர் கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள்

காலையில் சொன்ன அதே பெயரையும் பிறந்த தேதியையும் ஊசி போட வரும்போது நர்ஸ் மறுபடியும் கேட்பார். "இப்போதானே சொன்னேன்" என்று எரிச்சல் வரும். ஆனால் விதியே அதுதான். இரண்டு அடையாளங்களாவது பொருந்த வேண்டும். படுக்கை எண் கணக்கில் வராது, ஆளை இடம் மாற்றியிருக்கலாம். "நீங்கள்தானே இன்னார்?" என்று கேட்பதும் சரியில்லை. அரைத்தூக்கத்தில் இருப்பவர் எந்தப் பெயருக்கும் தலையாட்டிவிடுவார்.

சிகிச்சைக்கு வரும் பத்துப் பேரில் ஒருவருக்கு அந்தச் சிகிச்சையினாலேயே ஏதாவது பாதிப்பு வருகிறது, அதில் பாதி தடுத்திருக்கக் கூடியது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதை மனதில் வைத்து 2024இல் நோயாளி பாதுகாப்பு உரிமைச் சாசனம் ஒன்றை அது வெளியிட்டது. அதில் 10 உரிமைகள். உரிய நேரத்தில் சிகிச்சை, தகுதியுள்ள பணியாளர்கள், பாதுகாப்பான மருந்து என்பதெல்லாம் எதிர்பார்க்கக் கூடியவைதான். பலருக்கும் தெரியாதவை வேறு: உங்கள் மருத்துவப் பதிவேட்டைப் பார்க்கலாம்; புரியும்படி விளக்கம் கேட்கலாம்; தவறு நடந்தால் புகார் சொல்லி நியாயமான தீர்வு பெறலாம்; சிகிச்சை முடிவுகளில் குடும்பத்தாரும் கலந்துகொள்ளலாம்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், சாசனம் சட்டமல்ல. அந்தந்த நாடு தன் சட்டத்திலும் மருத்துவமனை விதிகளிலும் சேர்த்தால்தான் அதற்குப் பல் முளைக்கும்.

அறுவை சிகிச்சைக்கு 2008இலேயே ஒரு சரிபார்ப்புப் பட்டியல் வந்துவிட்டது. 19 அம்சங்கள், ஒரே ஒரு தாள். மயக்க மருந்துக்கு முன், கத்தி வைப்பதற்கு முன், நோயாளி அறையை விட்டுப் போவதற்கு முன் என மூன்று இடங்களில் எல்லோரும் நின்று வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். யார் நோயாளி, எந்தப் பக்கம், என்ன ஒவ்வாமை, கடைசியில் பஞ்சும் ஊசியும் எண்ணிக்கை சரியா. எட்டு நகரங்களில் சோதித்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. ஒரு தாளுக்கு இது பெரிய விஷயம்தான். ஆனால் படிக்காமலே டிக் அடித்தால் பலனில்லை.

முதல் கட்டத்தில் நீங்கள் விழித்துத்தான் இருப்பீர்கள். பெயர், என்ன ஆபரேஷன், எந்தப் பக்கம் என்பதை நீங்களே சொல்லுங்கள். அந்த இடத்தில் பேனாவால் குறி போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அப்புறம், வீட்டில் சாப்பிடும் எல்லா மருந்துகளையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். வீடு திரும்பும்போது எதைத் தொடர வேண்டும், எதை நிறுத்த வேண்டும் என்று அதே தாளில் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள்.