நானோ மருந்து ஆய்வில் சேரச் சொன்னால் என்ன கேட்க வேண்டும்?

மருந்து ஆய்வுகளைப் பரிசீலிக்கும் எத்திக்ஸ் கமிட்டி ஒன்றில் மருந்தியல்காரனாக உட்காருகிறேன். நானோ மருந்து சம்பந்தமான ஆய்வுத் திட்டம் வரும்போதெல்லாம் ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: "இதில் புதிதாக என்ன சார் நெறிமுறைச் சிக்கல்? மற்ற மருந்துக்கு உள்ளதுதானே இதற்கும்?" பாதி சரி. ஒப்புதல், இழப்பீடு, நோயாளியின் ரகசியம் எல்லாம் எந்த ஆய்வுக்கும் பொதுவானவை. மீதிப் பாதியில்தான் எனக்கு அவர்களோடு சண்டை.

முதலில் ஒன்று. நானோ மருந்து என்றால் கண்ணுக்கே தெரியாத மிக நுண்ணிய துகள்களாகவோ, அப்படிப்பட்ட துகள்களில் ஏற்றியோ கொடுக்கும் மருந்து. அது ஏதோ வருங்காலச் சமாச்சாரம் இல்லை. டாக்சோரூபிசின் என்ற பழைய புற்றுநோய் மருந்தைக் கொழுப்பு உறைக்குள் அடைத்துச் செய்த டாக்ஸிலுக்கு அமெரிக்கா 1995-லேயே அனுமதி கொடுத்துவிட்டது. கொரோனாவுக்கு வந்த எம்ஆர்என்ஏ தடுப்பூசிகளும் கொழுப்பு நானோ துகள்களில் ஏறித்தான் உடம்புக்குள் போயின. டாக்ஸிலால் இதயத்துக்கு வரும் கெடுதல் குறைந்தது. ஆனால் உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து தோல் உரியும் தொல்லை கூடியது. உள்ளே இருப்பது அதே மருந்துதான். உறை மாறியதும் அது போய்ச் சேரும் இடமும் மாறிவிட்டது.

அந்த "போய்ச் சேரும் இடம்" பற்றித்தான் நோயாளியிடம் மிகைப்படுத்திச் சொல்கிறோம். "புற்றுநோய்க் கட்டியை மட்டும் தேடிப்போய்த் தாக்கும்" என்ற வரியை எத்தனையோ ஒப்புதல் படிவங்களில் அடிக்கச் சொல்லியிருக்கிறேன். டொரோன்டோ பல்கலைக்கழகத்தில் வாரன் சானின் குழு, அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் வந்த விலங்கு ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் ஒரு கணக்கு வெளியிட்டது. ஊசியில் ஏற்றிய நானோ துகள்களில் கட்டிக்குள் போய்ச் சேர்ந்தது, இடைநிலை மதிப்பில், வெறும் 0.7 சதவீதம். அந்தக் கணக்குமுறையை ஏற்காதவர்களும் உண்டு. சாதாரண மருந்தும் கட்டிக்குள் அப்படி ஒன்றும் அள்ளிக்கொண்டு போவதில்லை என்பார்கள். அதுவும் நியாயம்தான். ஆனால் கருத்தரங்கில் இதையெல்லாம் விவாதிக்கிறவர்கள் வார்டுக்கு வந்ததும் "நேராகக் கட்டிக்கே போகும்" என்கிறார்களே, அங்கேதான் இடிக்கிறது. வேறு வழியில்லாமல் உட்கார்ந்திருக்கும் குடும்பத்துக்கு அந்த ஒரு வாக்கியம் போதும், மற்ற பக்கங்களைப் படிக்கவே மாட்டார்கள்.

கட்டிக்குப் போகாத மீதி எங்கே போகிறது? பெரும்பங்கு கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும். ஏறக்குறைய 6 நானோமீட்டருக்கு (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) மேற்பட்ட துகளைச் சிறுநீரகம் எளிதில் வடிகட்டி வெளியே விடாது. கொழுப்புத் துகள் என்றால் உடம்பு சிதைத்துவிடும். இரும்பு ஆக்சைடு மெல்லக் கரைந்து உடம்பின் இரும்புக் கணக்கில் சேரும். தங்கத் துகள் அப்படிக் கரைவதில்லை. விலங்குகளின் கல்லீரலில் மாதக்கணக்கில் தங்கியிருப்பதைப் பார்த்திருக்கிறார்கள்.

இங்கே தோரோட்ராஸ்ட் கதையைச் சொல்லியாக வேண்டும். தோரியம் டை ஆக்சைடின் நுண்துகள்கள் மிதக்கும் திரவம் அது. எக்ஸ்ரேயில் ரத்தக் குழாய்கள் தெளிவாகத் தெரிய 1930-களிலிருந்து உலகம் முழுக்க ஏற்றினார்கள். படம் அருமையாக வந்தது, ஏற்றிக்கொண்டவர்களுக்கு உடனடித் தொந்தரவும் பெரிதாக இல்லை. துகள்களோ கல்லீரலிலும் மண்ணீரலிலும் தங்கிவிட்டன. தோரியம் கதிர்வீச்சுள்ளது. இருபது முப்பது ஆண்டுகள் கழித்து அந்த நோயாளிகளிடம் கல்லீரல் புற்றுநோய் தெரிய ஆரம்பித்தது. ஜெர்மனி, டென்மார்க், போர்ச்சுகல், ஜப்பான் நாடுகளில் பழைய மருத்துவமனைப் பதிவுகளைத் தேடிப்பிடித்து, ஏற்றிக்கொண்டவர்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்ததால்தான் முழு விவரமும் தெரிந்தது.

"அது கதிர்வீச்சு செய்த வேலை, நானோ செய்ததில்லை" என்று ஆய்வாளர்கள் உடனே சொல்வார்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதை வெளியேறவிடாமல் உள்ளேயே வைத்திருந்தது துகள் வடிவம்தானே? அதனால் ஒவ்வொரு திட்டத்திலும் நான் கேட்பது இதைத்தான்: ஆய்வு முடிந்து பத்து வருடம் கழித்து இந்த நோயாளியை யார் பார்ப்பார்கள்? நிதி இரண்டு மூன்று வருடத்தில் தீர்ந்துவிடும், ஆய்வு மாணவர் போய்விடுவார், கம்பெனியே கைமாறிவிடும் என்பார்கள். எல்லாம் உண்மைதான். குறைந்தது, எந்தத் துகள், எவ்வளவு, எந்தத் தேதியில் ஏற்றப்பட்டது என்று எழுதிய ஓர் அட்டையாவது நோயாளி கையில் இருக்க வேண்டும். அதற்குச் செலவு என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை.

இந்தியாவில் நானோ மருந்துகளை மதிப்பிட 2019 அக்டோபரில் உயிரித் தொழில்நுட்பத் துறை வழிகாட்டுதல்களை வெளியிட்டது. துகள் உடம்பில் எங்கெங்கே பரவுகிறது என்ற விவரத்தையும் அது கேட்கிறது. அதே ஆண்டு வந்த மருந்து ஆய்வு விதிகளின்படி, ஆய்வில் பாதிப்பு ஏற்பட்டால் இலவச சிகிச்சை உண்டு.

ஆக, உங்களையோ வீட்டில் ஒருவரையோ இப்படி ஓர் ஆய்வில் சேரச் சொன்னால், துகள் எதனால் ஆனது, உடம்பில் கரையுமா தங்குமா, எத்தனை காலம் தொடர்ந்து பார்ப்பீர்கள் என்று கேளுங்கள். முதல் முறை ஏற்றும்போது சில நிமிடங்களில் மூச்சுத்திணறல், முகம் சிவத்தல், முதுகுவலி வரலாம். ஒவ்வாமையே இல்லாதவருக்கும் வரும், உடனே நர்ஸிடம் சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் நடக்கும் மருந்து ஆய்வுகளின் பதிவேடான சிடிஆர்ஐ-இல் அந்த ஆய்வுக்குள்ள பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள், அந்த இணையதளத்தில் எவரும் தேடிப் பார்க்கலாம். ஒப்புதல் படிவத்தின் நகல் ஒன்று தமிழில் உங்களிடம் இருக்க வேண்டும். அதில் எத்திக்ஸ் கமிட்டியின் தொலைபேசி எண் இருக்கும். ஆய்வு மருத்துவரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தால் அந்த எண்ணுக்குக் கூப்பிடலாம், சேர்ந்த பிறகும் கூப்பிடலாம். பாதியில் விலகினால் வழக்கமான சிகிச்சையை நிறுத்திவிடுவார்களோ என்றுதான் பலர் பயப்படுகிறார்கள். நிறுத்தக் கூடாது, விலக உங்களுக்கு உரிமை உண்டு என்று படிவத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.