சிடிஎல் தேர்வுக்கு எந்த வண்டியைக் கொண்டுபோவது?

அமெரிக்காவில் லாரி, பேருந்து ஓட்டுவதற்கான வணிக உரிமத்தைச் சிடிஎல் என்பார்கள். இதன் ஓட்டுத் தேர்வுக்கு வண்டி ஏற்பாடு செய்வது விண்ணப்பதாரரின் பொறுப்பு. பயிற்சிப் பள்ளி வழியாகப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் பள்ளியே வண்டி தரும். எந்த வண்டியில் தேறுகிறீர்களோ, அதற்கேற்பத்தான் உரிமத்தில் தடைக் குறிகள், அதாவது எந்த வகை வண்டியை ஓட்டக் கூடாது என்று காட்டும் எழுத்துகள், ஏறும். ஆகவே ஓட்டச் சுலபமான வண்டியைத் தேடாமல், நாளை பார்க்கப்போகும் வேலைக்குப் பொருந்தும் வண்டியைத் தேடுங்கள்.

முதலில் எடை. தயாரிப்பாளர் தகட்டில் குறித்திருக்கும் உச்ச மொத்த எடையைத்தான் தேர்வாளர் பார்ப்பார். பெரிய தனி வண்டிகளுக்கான பி வகுப்பு உரிமத்துக்குத் தனி வண்டி 26,001 பவுண்டாவது இருக்க வேண்டும். வாடகைக்குக் கிடைக்கும் 26 அடி பெட்டி லாரிகள் பல, சாதாரண உரிமத்திலேயே ஓட்டலாம் என்பதற்காக 26,000 பவுண்டைத் தாண்டாமல் வைக்கப்பட்டவை. பார்க்கப் பெரிதாக இருந்தாலும் தேர்வுக்கு ஆகாது. ட்ரெய்லர் இழுக்கும் வண்டிகளுக்கான ஏ வகுப்புக்கு இழுவண்டியும் ட்ரெய்லரும் சேர்ந்து 26,001. அதில் ட்ரெய்லர் மட்டும் 10,000 பவுண்டுக்கு மேல். 14,000 பவுண்டு பிக்கப்பும் அதன் பின்தட்டில் மாட்டும் 14,000 பவுண்டு கூஸ்நெக் ட்ரெய்லரும் சேர்ந்தால் இந்தக் கணக்குத் தேறிவிடும்.

ஆனால் பலர் ஏமாறுவது அங்கேதான். அந்த ஜோடியில் ஏர் பிரேக் இல்லாததால் எல் தடை. ஐந்தாம் சக்கர இணைப்பு (செமி லாரியில் ட்ரெய்லரைத் தாங்கும் வட்டத் தட்டு) இல்லாததால் ஓ தடை. ஆட்டோமேட்டிக் கியர் என்றால் இ தடை, மேனுவல் கியர் வண்டியை ஓட்டக் கூடாது. ஏ வகுப்பு உரிமம் கையில் இருக்கும்; பெரிய செமி லாரியைத் தொட முடியாது. காற்றும் ஹைட்ராலிக்கும் கலந்த பிரேக் உள்ள வண்டியில் தேறினால் இஸட் தடை விழும், முழு ஏர் பிரேக் வண்டியை ஓட்டக் கூடாது. இ தடையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம், புது லாரிகளில் ஆட்டோமேட்டிக் பெருகிவிட்டது. எல், ஓ இரண்டையும் மட்டும் எப்படியாவது தவிர்த்துவிடுங்கள். ஏர் பிரேக் எழுத்துத் தேர்வில் தவறினாலும் எல் வரும்.

பேருந்துக்கும் இதே நியாயம்தான். 26,001 பவுண்டுக்குக் குறைந்த சிறிய பேருந்தில் பயணிகள் ஒப்புதல் (பயணிகளை ஏற்றிச் செல்வதற்கான கூடுதல் அனுமதி) வாங்கினால் என் தடை ஏறும். ஏ, பி வகுப்புப் பேருந்துகளை ஓட்ட முடியாது. பள்ளிப் பேருந்து ஓட்டப் போகிறவர் பள்ளிப் பேருந்திலேயே தேர்வு கொடுக்க வேண்டும்.

2022 பிப்ரவரி 7 முதல், முதன்முறையாக ஏ அல்லது பி வகுப்பு வாங்குவோருக்குப் பதிவுபெற்ற நிறுவனத்தில் பயிற்சி கட்டாயம். பணம் கட்டுவதற்கு முன்பே, தேர்வு நாளில் எந்த வண்டி, அதில் என்ன பிரேக், என்ன இணைப்பு என்று பள்ளியில் கேட்டுவிடுங்கள்.

ட்ரெய்லர் நீளமும் கணக்கில் வரும். குட்டையானது பின்னுக்கு எடுக்கும்போது ஸ்டியரிங் அசைவுக்குச் சட்டென்று மடங்கும். நீளமானது நிதானமாகத் திரும்பும், ஆனால் முனைகளில் பின்சக்கரம் அதிகம் உள்வாங்கும். பழகிய நீளத்திலேயே தேர்வுக்குப் போங்கள்.

முதல் நாளே ஏர் பிரேக்கைச் சோதியுங்கள். எஞ்சினை அணைத்து, பிரேக்கை அழுத்திப் பிடித்த ஒரு நிமிடத்தில் தனி வண்டியில் 3 பிஎஸ்ஐக்கு (காற்றழுத்த அளவு) மேலும், ட்ரெய்லரோடு 4க்கு மேலும் அழுத்தம் குறையக் கூடாது. அழுத்தம் 55 பிஎஸ்ஐக்குக் கீழே இறங்குமுன் எச்சரிக்கை ஒலிக்க வேண்டும். எடைத் தகடு அழிந்திருந்தாலோ, தேர்வாளருக்கு சீட் பெல்ட் இல்லாவிட்டாலோ, பிரேக் விளக்கு எரியாவிட்டாலோ தேர்வு தொடங்காமலே திரும்ப நேரிடும். உங்களிடம் இருப்பது பழகுநர் அனுமதிதான். ஆகவே அந்த வகுப்புச் சிடிஎல் உள்ள ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் வண்டியைத் தேர்வு இடத்துக்கு ஓட்டி வர முடியும்.