மீன்பிடித் தடைக்காலம்: யாருக்குத் தடை, யாருக்கு நிவாரணம்?

ஏப்ரல் 15 வந்துவிட்டால் காசிமேடு, நாகப்பட்டினம், ராமேஸ்வரம், தூத்துக்குடி என்று எங்கு போனாலும் விசைப்படகுகள் கரையில்தான் கட்டிக்கிடக்கும். ஜூன் 14 வரை, மொத்தம் 61 நாள், அவை தொழிலுக்குப் போகக்கூடாது. 2001-இல் தொடங்கியபோது 45 நாள்தான். 2017-இலிருந்து 61 ஆனது. கரையிலிருந்து 12 கடல் மைல் வரை மாநில அரசு தன் 1983-ஆம் ஆண்டு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி தடை போடுகிறது. அதற்கு அப்பால் மத்திய அரசின் ஆணை.

குமரி மாவட்டத்துக்கு மட்டும் இரண்டு காலண்டர். சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் வருவதால் ஏப்ரலிலேயே தடை. மேற்குக் கடற்கரையில் உள்ள குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை.

அப்படியானால் மே மாதம் சந்தையில் மீன் எப்படி? தடை விசைப்படகுகளுக்குத்தான். நாட்டுப்படகு, வள்ளம், கட்டுமரம் எல்லாம் போகலாம். வரத்து குறைவதால் விலைதான் ஏறிவிடும்.

மீன்கள் முட்டையிட்டுப் பெருகும் பருவம் இது என்பதே தடைக்குச் சொல்லப்படும் காரணம். விசைப்படகின் இழுவை மடி (இழுத்துச் செல்லும் வலை) கடல் தரையை வாரிக்கொண்டு வருவது. இறாலுக்காக மடி இழுத்தால் குஞ்சு மீன், நண்டு, சிப்பி, கடற்புல் எல்லாம் கூடவே ஏறும். ராமநாதபுரம் பக்கம் இந்தக் கழிவைச் சங்காயம் என்பார்கள். விரல் நீளம்கூட வளராத மீன்கள் அதில் குவியலாகக் கிடக்கும். காயவைத்துக் கோழித் தீவனத்துக்கு அனுப்பிவிடுவார்கள். இரண்டு மாதம் காப்பாற்றிய குஞ்சுகளை மீதிப் பத்து மாதம் இப்படி வாரினால் தடையால் என்ன பயன்? விசைப்படகுகள் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் மீன்பிடிக்கக்கூடாது என்ற விதியும் இருக்கிறது. அது மீறப்படுகிறது என்பது நாட்டுப்படகுக்காரர்களின் நெடுநாள் புகார். என்னைக் கேட்டால், 61 நாள் தடையைவிட அந்த விதியைக் கண்டிப்பாக அமல்படுத்துவதுதான் கடலுக்கு அதிகம் உதவும்.

இனி நிவாரணம். 2023-இல் அறிவிக்கப்பட்ட உயர்வுக்குப் பிறகு குடும்பத்துக்கு 8,000 ரூபாய். 61 நாளுக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு 131 ரூபாய் சொச்சம்; அரிசி பருப்புக்கே பற்றாது. படகுக்கு இத்தனை என்றோ ஆளுக்கு இத்தனை என்றோ கணக்கு இல்லை, குடும்பத்துக்குத்தான். பணம் நேராக வங்கிக் கணக்கில் விழும்.

சேமிப்பு நிவாரணத் திட்டம் வேறு. அதில் நீங்கள் 1,500 ரூபாய் கட்ட, மத்திய, மாநில அரசுகள் தலா 1,500 சேர்த்து 4,500 ஆகத் தருகின்றன. ஒன்று வந்ததால் மற்றது வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

தடைக்கால நிவாரணம் பக்கத்து வீட்டுக்கு வந்து உங்களுக்கு வரவில்லையா? குடும்ப அட்டை, ஆதார், மீனவர் அடையாள அட்டை, வங்கிப் பாஸ்புக் நான்கையும் எடுத்துக்கொண்டு உங்கள் பகுதி மீன்வளத் துறை அலுவலகத்துக்குப் போய்ப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள். பெயர் இருந்தும் பணம் வரவில்லை என்றால், கணக்கு எண் சரியா, கணக்கு முடங்கிக் கிடக்கிறதா என்று வங்கியில் பார்த்துவிடுங்கள்.