3.1 சதவீதம்: ஒரு விண்கல் கணக்கு ஏன் ஏறியது, ஏன் விழுந்தது?

2025 பிப்ரவரியில் கோளரங்கத்துக்கு வந்தவர்களில் பலரும் காட்சி முடிந்த கையோடு கேட்டது, பூமியில் மோதக்கூடும் என்று செய்தியில் வந்த ஒரு சிறுகோளைப் பற்றிய ஒரே கேள்விதான். "சார், முதல்ல ஒரு சதவீதம்னாங்க, இப்போ மூணாமே. கிட்ட வந்துட்டே இருக்கா?"

கிட்ட வரவில்லை, விலகிப் போய்க்கொண்டிருந்தது. 2024 ஒய்.ஆர்.4 என்ற அந்தச் சிறுகோள் 2024 டிசம்பர் 25 அன்றே, நிலாவைப் போல இரண்டு மடங்கு தொலைவில் நம்மைக் கடந்துவிட்டது. சிலியிலுள்ள அட்லஸ் தொலைநோக்கி அதைக் கண்டதோ 27ஆம் தேதி. சூரியனைச் சுற்றிவர அதற்கு ஏறத்தாழ 4 ஆண்டு ஆகும். அதனால்தான் 2028, 2032 டிசம்பர்களில் மறுபடி நம் பக்கம் வருகிறது. மோதக்கூடும் என்று செய்திகளில் அடிபட்ட நாள் 2032 டிசம்பர் 22.

தொலைநோக்கிப் படத்தில் சிறுகோள் வெறும் ஒளிப்புள்ளிதான். சில நிமிட இடைவெளியில் எடுத்த நாலு படங்களை அடுத்தடுத்து ஓட்டினால், நட்சத்திரங்கள் அசையாமல் நிற்க, அது மட்டும் நகரும். அந்த நகர்வை வைத்துத்தான் பாதையைக் கணிக்கிறார்கள். சில வாரப் படங்களை வைத்துக்கொண்டு 8 ஆண்டு கழித்து எங்கே இருக்கும் என்று கேட்டால், ஓர் இடத்தைக் காட்ட முடியாது. ஒரு நீண்ட கோடுதான் கிடைக்கும். அதில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். அந்தக் கோட்டுக்குள் பூமியும் அகப்பட்டிருந்தது.

புதுப் படங்கள் சேரச் சேரக் கோடு சுருங்கும். பூமி சுருங்காதே! கோடு பாதியானால் அதில் பூமியின் பங்கு ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். ஜனவரி கடைசியில் 1 சதவீதத்தைத் தாண்டிய மோதல் வாய்ப்பு, பிப்ரவரி 18 அன்று நாசா கணக்கில் 3.1 ஆனது இப்படித்தான். இன்னும் சுருங்கியதும் பூமி கோட்டுக்கு வெளியே போய்விட்டது. ஒரே வாரத்தில் எண் பூஜ்யத்தை ஒட்டி விழுந்தது. நடுவில் தைப்பூச நிலவு வேறு. பௌர்ணமி வெளிச்சத்தில் இவ்வளவு மங்கலான புள்ளியைப் பிடிப்பது கடினம். தரவு வராத அந்த நாட்களில் யூடியூப் சேனல்கள் காட்டில் மழை.

மும்பை, கொல்கத்தா பக்கம் போகும் பட்டை போட்ட வரைபடம் வாட்ஸ்அப்பில் சுற்றியது. பட்டை பொய்யல்ல. கிழக்குப் பசிபிக்கில் தொடங்கி ஆப்பிரிக்கா, அரபிக்கடல் வழியாகத் தெற்காசியா வரை நீண்டது. மோதினால் அதற்குள் ஏதோ ஓரிடத்தில் விழும் என்பதே அதன் பொருள். அந்த 'மோதினால்' மட்டும் ஃபார்வர்டில் காணாமல் போயிருந்தது.

இனி இப்படிச் செய்தி வந்தால் சதவீதத்தோடு, மோதல் ஆபத்தை அளவிடும் டொரினோ எண்ணையும் பாருங்கள். அது 0 முதல் 10 வரை. இந்தக் கல் 3 வரை போனது. 2004 டிசம்பரில் அபோபிஸ் என்ற சிறுகோள் 4 வரை போய், பிறகு 0 ஆனது. மோத வாய்ப்புள்ள சிறுகோள்களைக் காட்டும் நாசாவின் சென்ட்ரி பட்டியல் இணையத்தில் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது.

என்னைக் கேட்டால், 3.1ஐ விட யோசிக்க வைப்பது இந்தக் கல்லைக் கண்ட அந்த டிசம்பர் 27ஆம் தேதிதான். சூரியன் இருக்கும் திசையிலிருந்து வந்ததால், கடந்துபோன பிறகே கண்ணில் பட்டது. 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் மேல் வெடித்த, சுமார் 20 மீட்டர் கல்லும் அந்தத் திசையிலிருந்துதான் வந்தது. காயமடைந்த சுமார் 1,500 பேரில் பெரும்பாலோரைக் கிழித்தது ஜன்னல் கண்ணாடி. முதலில் வெளிச்சம், ஒரு நிமிடத்துக்கும் மேல் கழித்துத்தான் அதிர்வலை. இடையில் பலர் வேடிக்கை பார்க்க ஜன்னலருகே போயிருந்தார்கள். வானத்தில் அப்படியொரு பளிச்சிடல் தெரிந்தால் போனை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு ஓடாதீர்கள். கண்ணாடி இல்லாத சுவரோரம் சில நிமிடம் உட்காருங்கள்.