பட்டன் சரி, 'வி' எங்கே?

திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு இரவு பஸ்ஸில் சீட் பிடிக்க போனில் ஒரு செயலியைத் திறக்கிறீர்கள். அதன் நிறம், எழுத்தின் அளவு, சீட்டுகளைக் காட்டும் கட்டங்கள், பணம் கட்டும் பட்டன் எல்லாம் யூஐ, அதாவது இடைமுகம். யூஎக்ஸ், அதாவது 'யூசர் எக்ஸ்பீரியன்ஸ்' (பயனர் அனுபவம்), அதைவிடப் பெரிது. போகலாம் என்று நினைத்ததிலிருந்து பஸ்ஸில் ஏறி உட்காரும் வரை உங்களுக்கு நடப்பது முழுவதும் அதற்குள் வரும்: ஓடிபி வந்ததா, காசு வெட்டுப்பட்டும் டிக்கெட் வராவிட்டால் யாரைக் கேட்பது, பஸ் எந்த இடத்தில் நிற்கும்.

யூஐ வெறும் ரசனை விஷயம் இல்லை. தொட வேண்டிய இடம் சிறிதாகவும் தூரமாகவும் இருந்தால் கை போய்ச் சேர அதிக நேரம் பிடிக்கும் என்பதை 1954இல் போல் ஃபிட்ஸ் என்ற உளவியலாளர் சூத்திரமாகவே எழுதிவிட்டார். பட்டன் குறைந்தது 44 பொயின்ட் இருக்கட்டும் என்று அப்பிள் சொல்கிறது, அண்ட்ரொய்டில் 48 டிபி; இரண்டும் திரையில் நீள அகலத்தை அளக்கும் அலகுகள். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச வேறுபாடு 4.5க்கு 1 ஆவது வேண்டும் என்பது பார்வை குறைந்தவர்களுக்காக வைத்த அளவு, ஆனால் உப்புவெளிக் கடற்கரையில் நடுப்பகல் வெயிலில் போனைப் பார்க்கிற எல்லோருக்கும் அது உதவும்.

சரி, இப்போது அந்தச் செயலி அடையாள அட்டை இலக்கத்தைக் கேட்கிறது என்று வையுங்கள். பெட்டியைத் தொட்டதும் எண்கள் மட்டும் உள்ள கீபோர்ட் வருகிறது, பெரிய பெரிய எண்கள், யூஐயில் குறை சொல்ல இடமே இல்லை. ஆனால் 12 எண் கொண்ட இலக்கம் 2016இல்தான் வந்தது. அதற்கு முந்தைய அட்டைகளில் 9 எண்ணும் கடைசியில் 'வி' அல்லது 'எக்ஸ்' என்ற ஆங்கில எழுத்தும்தான். பழைய அட்டையை வைத்திருக்கும் ஒரு அம்மா அந்த 'வி'யை எங்கே போய்த் தேடுவார்? 9 எண்ணை மட்டும் அடித்தால் 'இலக்கம் தவறு' என்று சிவப்பில் வருகிறது. பிழை தன்னுடையது என்றே நினைத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பவரிடம் போனை நீட்டுவார், யாரும் இல்லாவிட்டால் டிக்கெட்டே வேண்டாம் என்று விட்டுவிடுவார். இது எனக்கு உண்மையிலேயே கோபம் தருகிற விஷயம்.

வடிவமைப்பு ஆய்வாளர் டொன் நோர்மன் 1993இல் அப்பிளில் சேர்ந்தபோது தன் பதவிப் பெயரிலேயே 'யூசர் எக்ஸ்பீரியன்ஸ்' என்று போட்டுக்கொண்டார், திரையை மட்டும் பார்த்தால் போதாது என்பதற்காகத்தான். திருத்துவது லேசு, இரண்டு வகை இலக்கத்தையும் ஏற்றுக்கொண்டு முழுக் கீபோர்டையும் கொடுத்தால் முடிந்தது. ஆனால் இப்படி ஒரு சிக்கல் இருப்பதே அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தால் கண்ணில் படாது. பஸ் நிலையத்துக்குப் போய் நாலைந்து பேரிடம் போனைக் கொடுத்து, வாயே திறக்காமல், யாருடைய விரல் எந்த இடத்தில் தயங்குகிறது என்று பார்க்க வேண்டும்.