புரொப்ரைட்டர்: கடைக்குச் சொந்தக்காரரா, நாட்டுக்கா?

கடைப் பலகையில் ‘புரொப்ரைட்டர்’ என்று ஒரு பெயர் இருந்தால், ‘உரிமையாளர்’ என்று தமிழில் எழுதிவிடலாம். ஆனால் 17ஆம் நூற்றாண்டு அமெரிக்க வரலாற்றில் வரும் இதே சொல்லுக்கு அப்படி எழுதினால் பாதிப் பொருள் விட்டுப்போகிறது.

லத்தீனில் ‘புரோப்ரியுஸ்’ என்றால் தனக்கே உரியது. அந்த வேரிலிருந்து வந்த ‘புரொப்ரைட்டர்’ ஆங்கிலத்தில் 1630களில் தலைகாட்டுகிறது. அரசர் தந்த பட்டயத்தால் அமெரிக்கக் குடியேற்றம் ஒன்றைச் சொந்தமாகப் பெற்றவர் என்பதே அப்போது அதன் பொருள். கடைக்காரர் பிறகு வந்தவர்.

நல்ல எடுத்துக்காட்டு ஜார்ஜ் கார்ட்டரெட். ஆங்கிலக் கால்வாயில் உள்ள ஜெர்சி தீவுக்காரர், கடற்படை அதிகாரி. இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரில் மன்னர் பக்கம் நின்று, 1646இல் தப்பி வந்த இளவரசர் சார்லஸுக்கு ஜெர்சியின் எலிசபெத் கோட்டையில் அடைக்கலம் தந்தார். 1649இல் இளவரசரின் தந்தை, மன்னர் முதலாம் சார்லஸின் தலை வெட்டப்பட்டதும், அந்த இளவரசரே இனி அரசர் என்று ஜெர்சியில் பறைசாற்றினார். 1651இல் கோட்டை நாடாளுமன்றப் படையிடம் வீழ்ந்தது. அவர் பிரான்சுக்குப் போனார். 1660இல் முடியாட்சி திரும்பியதும் விசுவாசத்துக்குப் பலன் கிடைத்தது: முதலில் கடற்படைப் பொருளாளர் பதவி, அப்புறம் நிலம். 1663இல் கரோலைனாவைப் பெற்ற எட்டுப் பேரில் அவரும் ஒருவர். 1664இல் ஹட்சன், டெலவேர் ஆறுகளுக்கு இடைப்பட்ட பகுதியை மன்னரின் தம்பியான யார்க் கோமகன் அவருக்கும், இன்னொரு மன்னர் ஆதரவாளரான ஜான் பெர்க்லிக்கும் கொடுத்தார். கார்ட்டரெட்டின் தீவை நினைத்து அதற்கு நியூ ஜெர்சி என்று பெயர் வைத்தார்கள். அங்கே வாழ்ந்துகொண்டிருந்த லெனாப்பே மக்களை யாரும் கேட்கவில்லை.

கிடைத்தது வெறும் நிலமல்ல. ஆளுநரை நியமித்தார்கள், நீதிமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் விதி வகுத்தார்கள். 1665இல் குடியேறிகளுக்கு அறிவித்த நிபந்தனைகளில் மதச் சுதந்திரம் இருந்தது. அடிமைகளைக் கொண்டுவருவோருக்குக் கூடுதல் நிலமும் இருந்தது. ஏக்கருக்கு ஆண்டுக்கு அரைப் பென்னி நிலவாடகை. 1670இல் அதைக் கேட்டபோது குடியேறிகள் கொதித்தெழுந்தார்கள். இத்தனை அதிகாரமும் விலைக்குப் போகும் சொத்து! பெர்க்லி தன் பங்கை 1674இல் 1,000 பவுண்டுக்கு விற்றார். 1680இல் கார்ட்டரெட் இறந்தபின், 1682இல் அவர் பங்கான கிழக்கு ஜெர்சி 3,400 பவுண்டுக்குப் போனது.

சரி, இதற்குத் தமிழ் என்ன? ‘நிலக்கிழார்’ அழகான சொல். கிழமை என்றாலே உரிமைதான். ஆனால் அதில் ஆட்சி இல்லை. ‘ஜமீன்தார்’ என்றால் வாசகர் மனம் வேறு காலத்துக்குப் போய்விடும். பொருளால் மிக நெருங்குவது ‘உடையார்’. சோழர் கல்வெட்டுகள் மன்னரையே ‘உடையார் ஸ்ரீராஜராஜ தேவர்’ என்கின்றன. உடைமையும் ஆளுகையும் ஒரே சொல்லில் அடங்குகின்றன. இன்று அது சாதிப் பெயராகவும் வழங்குவதால் குழப்பம் வரும். எனவே ‘ஆட்சியுரிமையாளர்’ என்பதே என் தேர்வு: ‘நியூ ஜெர்சியின் ஆட்சியுரிமையாளர் ஜார்ஜ் கார்ட்டரெட்’.

ஒரு எச்சரிக்கை. 1702இல் நியூ ஜெர்சியின் ஆட்சியதிகாரம் ஆன் அரசியிடம் ஒப்படைக்கப்பட்டது. நில உரிமை மட்டும் பழைய கைகளிலேயே நின்றது. அதற்குப் பிந்தைய செய்திகளில் ‘நில உரிமையாளர்’ என்றே எழுத வேண்டும். கிழக்கு ஜெர்சி நில உரிமையாளர் குழு 1998 வரை இயங்கியது.