பழைய ஃபிளாப்பி கிடைச்சா முதல்ல ஒண்ணும் செய்யாதீங்க

போன ஐப்பசியில் ஒரு மழை நாள். கடை அடைக்கிற நேரத்துக்கு மேலப்பாளையத்துப் பையன் ஒருத்தன் மஞ்சப்பையோடு வந்து நின்றான். உள்ளே நாற்பது ஃபிளாப்பி இருக்கும். பாளையங்கோட்டையில் எப்போதோ மூடிப்போன ஒரு கம்ப்யூட்டர் செண்டரின் சரக்கு. பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கியிருக்கிறான்.

"அண்ணாச்சி, இது படிக்குமான்னு பாத்துச் சொல்லுதியளா?"

"எதுலயும் போட்டுப் பாத்தியால?"

"ஒண்ணே ஒண்ணு போட்டேன். ஃபார்மட் பண்ணவான்னு கேட்டுச்சு. பயந்து உருவிட்டேன்."

அந்தப் பயத்துக்காகவே அவனுக்கு டீ சொன்னேன். வண்ணார்பேட்டையில் டேட்டா ரெகவரி கடை வைத்திருக்கிற எனக்கு வரும் கேஸில் பாதி, அந்தக் கேள்விக்கு யாரோ 'ஆமாம்' என்று அமுக்கியதால் வந்தவைதான்.

அவன் தேடுவது பழைய வீடியோ கேம்களின் தொலைந்துபோன முதல் வடிவங்களை. உலகம் முழுக்க இப்படி ஒரு கூட்டம் இருக்கிறது. கேம் கடைக்கு வருவதற்கு முன்னால் பல நிலைகளைத் தாண்டும். பத்திரிகைக்கு ஒன்று, கண்காட்சிக்கு ஒன்று, சோதித்துப் பார்ப்பவருக்கு ஒன்று என்று இப்ராம் சிப்பிலோ (அழித்து மறுபடி எழுதக்கூடிய நினைவகச் சிப்) எழுதும் சிடியிலோ போட்டுக் கொடுப்பார்கள். வேலை முடிந்ததும் அது டிராயரில் கிடக்கும், இல்லாவிட்டால் குப்பைக்குப் போகும். 1992இல் வந்த சோனிக் 2 கேமில் ஹிட்டன் பேலஸ் என்று ஒரு இடத்தைப் பத்திரிகைப் படங்களில் காட்டினார்கள். கடைக்கு வந்த கேமில் அது இல்லை. 1999இல் ஒரு சீன இணையதளத்தில் அதன் முந்தைய வடிவம் அகப்பட்டது, ஹிட்டன் பேலஸும் அதற்குள் இருந்தது. முதல் சோனிக்கை 1990 டோக்கியோ பொம்மைக் கண்காட்சியில் காட்டினார்களே, அந்த டெமோ மட்டும் இன்றுவரை சிக்கவில்லை.

இதெல்லாம் வேலையத்தவன் வேலை என்று நானும் நினைத்தவன்தான். ஆனால் இவர்கள் கையில் கிடைத்ததைக் கையாளும் விதத்தைப் பார்த்தபின், என் வாடிக்கையாளர்களை இவர்களிடம் பயிற்சிக்கு அனுப்பலாம் போல இருக்கிறது.

எனக்கு ரொம்பப் பிடித்தது 2021 சங்கதி. எஃப்-ஜீரோ எக்ஸ் என்கிற நின்டெண்டோ கேம் பதிந்திருந்த, கம்பெனிக்காரர்கள் உபயோகித்த கார்ட்ரிட்ஜ் (கேம் மெஷினில் செருகும் பெட்டி) ஒன்று கிடைத்தது. கார்ட்ரிட்ஜ் 32 மெகாபைட். அந்தக் கேமுக்குப் பிடித்தது 16தான். சாதாரண ஆள் என்றால் கேமை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருப்பான். இவர்கள் கடைசி பைட் வரை படித்தார்கள். மீதிப் பாதியில், அதே கார்ட்ரிட்ஜில் முன்பு எழுதியிருந்த செல்டா கேமின் ஆரம்ப வடிவத்தில் பாதி அப்படியே கிடந்தது. 1998இல் ஒக்கரினா ஆஃப் டைம் என்ற பெயரில் வெளியான அந்தச் செல்டா கேம், அதற்கு முந்தைய வருஷக் கண்காட்சியில் எப்படி இருந்தது என்பதன் மிச்சம். மேலே எழுதிய பாதி போனது போனதுதான். எழுதாத பாதி பிழைத்தது.

என் தொழில் மொத்தமும் இதற்குள் அடக்கம். கல்யாண போட்டோ இருந்த ஹார்ட் டிஸ்க்கைத் தெரியாமல் அழித்துவிட்டு, 'காலியாத்தானே இருக்கு' என்று நாலு படத்தை அதிலேயே காப்பி பண்ணிக்கொண்டு வருவார்கள். அழித்தது பெரும்பாலும் அங்கேயேதான் இருந்திருக்கும், அந்த நாலு படம் வந்து உட்காரும் வரை. எஸ்எஸ்டி (சுழலும் தட்டுக்குப் பதில் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) என்றால் இந்த அவகாசமும் கிடையாது. அழித்த இடத்தை அது தானாகவே துடைத்துவிடும். உடனே கரண்ட்டை நிறுத்தினால்தான் உண்டு.

நானும் யோக்கியன் இல்லை. தொழில் பழகிய புதிதில் ஒரு வாத்தியார் தன் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக எழுதிய வினாடி வினா புரோகிராம் இருந்த ஃபிளாப்பியைக் கொடுத்தார். வேறு ஃபிளாப்பி என்று நினைத்து ஃபார்மட் கட்டளையில் யூ-வும் சேர்த்து அடித்தேன். அது தட்டில் இருக்கும் வட்ட வரிகளை, அதாவது டிராக்குகளை, ஒவ்வொன்றாகத் துடைத்து எழுதும். ஒன்றும் மிஞ்சவில்லை. வாத்தியார் திட்டவில்லை, 'சரிப்பா' என்று மட்டும் சொன்னார். இன்றும் அவரை டவுன் பக்கம் பார்த்தால் வேறு தெருவில் திரும்பிவிடுவேன்.

ஃபிளாப்பி கிடைத்தால் முதலில் அதன் மூலையில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் தடுப்பை நகர்த்தி ஓட்டை தெரிய வையுங்கள். அதன்பின் டிரைவ் அதில் எழுதாது. அடுத்து தகட்டு மூடியைத் தள்ளி, பின்பக்கச் சக்கரத்தை விரலால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். பையன் கொண்டுவந்ததில் ஒன்பதில் பூசணம். ஊறுகாய் மேல் படிகிற மாதிரி வெள்ளைப் புள்ளிகள். அப்படியே டிரைவில் போட்டால் தட்டும் கீறும், தட்டைப் படிக்கிற ஹெட்டிலும் ஒட்டும், அடுத்துப் போடுகிற நல்ல ஃபிளாப்பியும் நாசம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்து, காயவிட்டுத்தான் போட்டேன். கோப்புகளை ஒவ்வொன்றாகக் காப்பி எடுப்பதில்லை. தட்டின் 2880 செக்டரையும், அதாவது துண்டையும், வரிசையாகப் படித்து ஒரே இமேஜாக (முழுத் தட்டின் நகல் கோப்பு) எடுத்து வைத்து, அந்த நகலில்தான் தேடுவேன்.

இப்ராம் சிப் கிடைத்தால் அதன் கண்ணாடி ஜன்னல் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பிய்க்காதீர்கள். நேர்வெயிலில் ஒரு வாரம் கிடந்தால் அதிலுள்ளது அழிந்துவிடும்; நம்மூர் சித்திரை வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டாம்.

2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டித் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது, நனைந்த ஹார்ட் டிஸ்க்கை மொட்டைமாடியில் காயப் போட்டவர்களும் அரிசிப் பானைக்குள் புதைத்தவர்களும் என்னிடம் வந்தார்கள். சேறு காய்ந்தால் உள்தட்டில் இறுகிவிடும். ஈரத்தோடேயே பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொண்டுவாருங்கள், கரண்ட் மட்டும் கொடுக்காதீர்கள்.

விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்தில் நாம் செண்டரில் ஒளிந்து விளையாடிய பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா நினைவிருக்கிறதா? அதை எழுதிய ஜோர்டான் மெக்னரே 1989இன் மூலநிரலைத் தொலைத்துவிட்டு வருஷக்கணக்காகத் தேடினார். 2012இல் அவருடைய அப்பா வீட்டு அலமாரியில் அந்த ஃபிளாப்பிப் பெட்டி கிடைத்தது. வல்லவர்களைக் கூட்டிவந்து படிக்கவைத்து, எல்லாரும் பார்க்கும்படி வெளியிட்டார்.

பையனின் மஞ்சப்பையில் சோனிக்கும் இல்லை, செல்டாவும் இல்லை. டைப்பிங் பாடம், சம்பளப் பட்டியல், வைரஸ். ஆனால் மூன்று ஃபிளாப்பியில் பல்லாங்குழி 1, 2, 3 என்று எழுதியிருந்தது. யாரோ ஒரு மாணவர் 1996இல் பேசிக் என்கிற கம்ப்யூட்டர் மொழியில் எழுதிய விளையாட்டு. முதல் வடிவத்தில் குழிக்கு ஆறு முத்து, இரண்டாவதில் ஐந்து. அந்த மாற்றத்துக்கு மேலே ரெம் (கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாத குறிப்பு வரி) போட்டு ஒரு குறிப்பு: 'மாமா சொன்ன ரூல்'. பையன் அதைப் படித்துவிட்டு நாற்காலியை இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

மூன்றாவது ஃபிளாப்பி 41ஆவது டிராக்கில் நிற்கிறது. எத்தனை தடவை சுற்றவிட்டாலும் தாண்ட மாட்டேன் என்கிறது. அந்த வருஷம் பாளையங்கோட்டையில் பேசிக் படித்துப் பல்லாங்குழிக்குப் புரோகிராம் எழுதினவர் நீங்கள் என்றால் கடைக்கு ஒரு எட்டு வாங்க. உங்கள் வீட்டுப் பரணில் இன்னொரு காப்பி இருந்தால் அதையும் எடுத்து வாங்க, எதிலும் போட்டுப் பார்க்காமல்.